முகம் திடீர்னு ஒரு பக்கம் கோணிப்போனால்... டாக்டர் சொல்லும் அந்த ‘பெல்’ யார்?

காலையில் எழுந்து பல் தேய்க்கிறீர்கள். வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் உதட்டின் ஒரு ஓரத்தில் ஒழுகுகிறது. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தால், முகத்தின் ஒரு பாதி உங்களுடையது, இன்னொரு பாதி வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது. சிரித்துப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் சிரிக்கிறது. கண்ணை மூடச் சொன்னால் ஒன்று மூடுகிறது, இன்னொன்று மூட மாட்டேன் என்கிறது.

பதறிப்போய் ஆஸ்பத்திரிக்கு ஓடினால், பரிசோதித்துவிட்டு டாக்டர் சொல்லும் பெயர் பெரும்பாலும் ‘பெல்ஸ் பால்ஸி’. ஊரில் பெரியவர்கள் முகவாதம் என்று சொல்வது பல நேரங்களில் இதைத்தான்.

பால்ஸி என்றால் செயலிழப்பு. அது புரிகிறது. ஆனால் அந்த ‘பெல்’? அது ஒரு மனிதரின் பெயர். சார்லஸ் பெல். ஸ்காட்லாந்துக்காரர், அறுவை சிகிச்சை நிபுணர், நல்ல ஓவியர். முகத்தை இயக்குவது எந்த நரம்பு, முகத்துக்கு வலியை உணர்த்துவது எந்த நரம்பு என்ற கேள்வி குழம்பிக் கிடந்த காலத்தில் அதைப் பிரித்துப் பார்க்கத் துணிந்தவர். பாதி சரியாகப் பிடித்தார், பாதி தப்பாகப் பிடித்தார். தப்பான பாதியை ஒப்புக்கொள்ள மட்டும் அவருக்கு மனசு வரவில்லை. அந்தக் கதையைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு சின்ன பாடம்: 12 ஜோடி வயர்கள்

உடம்பின் பெரும்பாலான நரம்புகள் முதுகுத் தண்டுவடத்திலிருந்து கிளம்புகின்றன. ஆனால் 12 ஜோடி நரம்புகள் மட்டும் தண்டுவடத்தை நம்பாமல், மூளையோடு நேரடியாகத் தொடர்பு வைத்திருக்கின்றன. இவைதான் கபால நரம்புகள். ஒவ்வொன்றும் என்ன செய்கிறது, பழுதானால் என்ன ஆகும் என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

1. ஆல்ஃபாக்டரி: வாசனை. தலையில் பலமாக அடிபட்டால் இது அறுந்து, காபி மணம்கூடத் தெரியாமல் போகலாம்.
2. ஆப்டிக்: பார்வை. சேதமானால் அந்தக் கண்ணின் பார்வை மங்கும் அல்லது போகும்.
3. ஆகுலோமோட்டார்: கண் இமையைத் தூக்குவது, கண்ணைப் பல திசைகளில் திருப்புவது, பாப்பாவைச் சுருக்குவது. பழுதானால் இமை தொங்கும், கண் கீழ்நோக்கி வெளிப்பக்கமாக ஒதுங்கும்.
4. ட்ராக்ளியர்: கண்ணைக் கீழ்நோக்கித் திருப்ப உதவும் ஒரே ஒரு தசைக்கானது. பழுதானால் மாடிப்படி இறங்கும்போது படி இரண்டாகத் தெரியும்.
5. ட்ரைஜெமினல்: முகத்தின் தொடு உணர்ச்சி, வலி, கூடவே மெல்லும் தசைகள். பழுதானால் முகம் மரத்துப்போகும். எரிச்சலடைந்தால் ஷாக் அடிப்பது போன்ற வலி.
6. அப்டியூசன்ஸ்: கண்ணை வெளிப்பக்கம் திருப்புவது. பழுதானால் கண் மூக்கைப் பார்த்து ஒதுங்கும்.
7. ஃபேஷியல்: முகபாவனை. நம் கதையின் ஹீரோ இதுதான்.
8. வெஸ்டிபுலோகாக்ளியர்: காது கேட்பது, உடல் சமநிலை. பழுதானால் காது மந்தம், தலைசுற்றல்.
9. க்ளாஸோஃபாரிஞ்சியல்: நாக்கின் பின்பகுதிச் சுவை, தொண்டையின் உணர்ச்சி.
10. வேகஸ்: குரல், விழுங்குதல், இதயம், குடல் என்று நீளமாக ஊர் சுற்றும் நரம்பு. பழுதானால் குரல் கட்டிப்போகும், விழுங்கச் சிரமமாகும்.
11. அக்ஸஸரி: தோளைக் குலுக்குவது, தலையைத் திருப்புவது. பழுதானால் தோள் சரியும்.
12. ஹைப்போக்ளாசல்: நாக்கின் அசைவு. பழுதானால், நாக்கை நீட்டும்போது அது பழுதான பக்கமாகவே சாயும்.

இப்போது இது மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவருக்கே தெரிந்த பட்டியல். ஆனால் இந்த எண்ணிக்கைக்கு வந்து சேரவே நூற்றாண்டுகள் ஆகின. பழைய ரோமப் பேரரசின் மருத்துவர் கேலன் 7 ஜோடி என்றார். 1664-ல் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் போட்ட பட்டியலில், இந்த 12-ம் 9 ஜோடிகளுக்குள் அடங்கிவிட்டன. முகத்துக்கான நரம்பையும் காதுக்கான நரம்பையும் சேர்த்து ஒரே நம்பரில் போட்டிருந்தார் அவர். 1778-ல் ஜெர்மானியரான சோமெரிங்தான் அவற்றைப் பிரித்து 12 என்று எண்ணினார்.

எண்ணியாச்சு. ஆனால் ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது? அதில்தான் சிக்கல். குறிப்பாக முகத்தில். ஐந்தாவதும் ஏழாவதும் இரண்டுமே முகத்தில்தான் போய்ப் பரவுகின்றன. ஒரே வேலையை ஏன் இரண்டு நரம்புகள் செய்ய வேண்டும்? அல்லது இரண்டுக்கும் வேலை வேறா?

எடின்பரோவின் கடைக்குட்டி

சார்லஸ் பெல் பிறந்தது 1774 நவம்பரில், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில். அப்பா ஒரு பாதிரியார். சார்லஸ் சின்னப் பையனாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். குடும்பத்தில் பணம் குறைவு. பையனுக்கு எழுத்தும் ஓவியமும் முதலில் கற்றுக்கொடுத்தது அம்மாதான். சார்லஸ் கடைசிவரை பென்சிலைக் கீழே வைக்கவே இல்லை.

அண்ணன் ஜான் பெல் ஊரறிந்த அறுவை சிகிச்சை நிபுணர். தனியாக உடற்கூறியல் வகுப்பு நடத்திவந்தார். தம்பி அங்கேயே தொழில் கற்றான், அங்கேயே பாடமும் எடுத்தான். 1798-ல், மாணவராக இருந்தபோதே, பிண அறுவை செய்து கற்பது எப்படி என்று ஒரு புத்தகம் வெளியிட்டார் சார்லஸ். படங்கள் எல்லாம் அவரே வரைந்தவை. அடுத்த வருடமே எடின்பரோ அறுவை சிகிச்சையாளர் கல்லூரியில் உறுப்பினர்.

இப்படியே போயிருந்தால் எடின்பரோவிலேயே செட்டில் ஆகியிருப்பார். ஆனால் அண்ணனுக்கும் ஊரின் செல்வாக்கான மருத்துவர்களுக்கும் நடந்த சண்டையில் தம்பிக்கும் கதவு அடைபட்டது. நகரின் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்ய வழி இல்லாமல் போனது. கற்ற தொழிலைச் செய்ய இடமில்லை என்றால் என்ன செய்வது? 1804 கடைசியில், முப்பது வயதில், லண்டனுக்குக் கிளம்பினார்.

லண்டனில் அவரை யாரும் சிவப்புக் கம்பளம் விரித்து வரவேற்கவில்லை. வாடகை வீட்டில் மாணவர்களைச் சேர்த்துப் பாடம் எடுத்தார். மனசு சோர்ந்தபோதெல்லாம் எடின்பரோவில் வக்கீலாக இருந்த இன்னொரு அண்ணன் ஜார்ஜுக்குக் கடிதம் எழுதினார். அவர் இறந்து பல வருடம் கழித்து, 1870-ல் அந்தக் கடிதங்களைத் தொகுத்துப் புத்தகமாக்கியவர் அவருடைய மனைவி மரியன். பெல்லைப் பற்றி இன்று நமக்கு இவ்வளவு நெருக்கமாகத் தெரிவதற்கு அந்தப் புத்தகம் ஒரு முக்கியக் காரணம்.

சிரிப்பு எந்தத் தசையில் இருக்கிறது?

1806-ல் பெல் வெளியிட்ட ஒரு புத்தகம் டாக்டர்களுக்கானது அல்ல, ஓவியர்களுக்கானது. கோபம், பயம், அழுகை, சிரிப்பு வரும்போது முகத்தில் எந்தத் தசை இழுபடுகிறது, எது தளர்கிறது என்பதைப் படங்களோடு விளக்கியது. அழுகிற முகத்தை வரைய வேண்டுமா? முதலில் தோலுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள் என்பதுதான் அதன் சாரம்.

இந்தப் புத்தகத்தை நம்பி, ராயல் அகாடமியில் ஓவியர்களுக்கு உடற்கூறியல் சொல்லித்தரும் பேராசிரியர் பதவிக்கு முயன்றார். கிடைக்கவில்லை. ஆனால் புத்தகம் நிலைத்தது. அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1872-ல் மனித, விலங்கு முகபாவனைகளைப் பற்றி எழுதிய சார்லஸ் டார்வின், பெல்லின் புத்தகத்தை மரியாதையோடு பயன்படுத்தினார். அதேசமயம் ஒரு முக்கியமான இடத்தில் மறுத்தார். மனிதனுக்கு உணர்ச்சியைக் காட்டவென்றே கடவுள் சில தசைகளைத் தனியாகக் கொடுத்திருக்கிறார் என்பது பெல்லின் நம்பிக்கை. குரங்குகளுக்கும் அதே தசைகள் இருக்கின்றனவே என்பது டார்வினின் பதில்.

இங்கே நமக்கு முக்கியமானது வேறு ஒன்று. முகத்தில் ஒரு சின்ன தசை அசையாவிட்டால்கூட அது பெல்லின் கண்ணுக்குத் தப்பாது. ஓவியராக அவர் பழக்கிக்கொண்ட அந்தக் கண்தான் பிறகு நோயாளிகள் முன்னால் அவருக்கு உதவியது.

போர்க்களத்துக்கு ஸ்கெட்ச் புக்கோடு

அது நெப்போலியன் போர்க்காலம். 1809 ஜனவரியில் ஸ்பெயினின் கொருன்னாவில் நடந்த சண்டைக்குப் பிறகு, காயமடைந்த பிரிட்டிஷ் வீரர்கள் கப்பல்களில் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார்கள். பெல் தானாகவே அங்கே போய்ச் சிகிச்சை செய்தார். துப்பாக்கிக் குண்டு பட்ட உடல்களைப் பார்த்து வரைந்தார். பிறகு அவற்றை எண்ணெய் வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். அவை இன்றும் எடின்பரோவில் பாதுகாக்கப்படுகின்றன.

1815 ஜூன் 18-ல் வாட்டர்லூ யுத்தம். செய்தி கேட்டதும் மச்சான் ஜான் ஷாவைக் கூட்டிக்கொண்டு பிரஸ்ஸல்ஸுக்குப் புறப்பட்டார். அங்கே அவர் நாட்கணக்கில் செய்தது பெரும்பாலும் கை, கால் வெட்டியெடுக்கும் அறுவை சிகிச்சைகள். மயக்க மருந்து அப்போது கிடையாது. ஈதர் கொடுத்து முதல் பொது அறுவை சிகிச்சை செய்துகாட்டப்பட்டது 1846-ல்தான். கிருமி என்ற கருத்தும் இல்லை. ஆகவே கத்திக்குத் தப்பியவர்களில் பலர் சீழுக்குத் தப்பவில்லை.

இங்கேயும் பெல் வரைந்தார். கை போன வீரன், வயிற்றில் குண்டு பட்டவன், வலியில் உடம்பே வில்லாக வளைந்தவன். பார்த்தால் மறக்க முடியாத நீர்வண்ணப் படங்கள். எந்த நரம்பு அறுந்தால் எந்த உறுப்பு செத்துப்போகிறது என்பதற்குப் போர்க்களத்தைவிடக் கொடூரமான பாடப்புத்தகம் வேறு இல்லை.

100 பிரதி மட்டும் அச்சடித்த ஒரு சின்ன நூல்

இந்த இரண்டு போர்களுக்கும் நடுவில், 1811-ல், பெல்லின் வாழ்க்கையில் இரண்டு முக்கியமான விஷயங்கள் நடந்தன. ஒன்று, மரியன் ஷாவோடு கல்யாணம். அண்ணன் ஜார்ஜ் ஏற்கெனவே மரியனின் அக்காளைத்தான் கட்டியிருந்தார். மரியனின் சகோதரர்கள் ஜான் ஷாவும் அலெக்சாண்டர் ஷாவும் பிறகு பெல்லின் ஆராய்ச்சிக்கு வலது, இடது கைகளாக ஆனார்கள். அடுத்த வருடமே லண்டனின் புகழ்பெற்ற கிரேட் விண்ட்மில் தெரு உடற்கூறியல் பள்ளி பெல்லின் கைக்கு வந்தது.

இன்னொன்று, மூளையின் புதிய உடற்கூறியல் பற்றிய ஒரு சிறு நூல். 100 பிரதி மட்டும் அச்சடித்து நண்பர்களுக்குக் கொடுத்தார். கடையில் விற்கவில்லை.

அதில் சொன்னது என்ன? அதுவரை பெரும்பாலானோர் நினைத்தது, ஒரு நரம்பு என்றால் அது உணர்ச்சியையும் அசைவையும் ஒன்றாகவே கொண்டுபோகும் என்று. பெல் அப்படி நினைக்கவில்லை. வேறு வேறு வேலைக்கு வேறு வேறு நரம்பு. ஒரே வடமாகத் தெரிந்தாலும் உள்ளே தனித்தனி இழைகள் இருக்கின்றன, அவை மூளையில் தனித்தனி இடங்களுக்குப் போகின்றன என்றார்.

இதைச் சோதிக்கத் தண்டுவட நரம்புகளைத் தொட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தண்டுவட நரம்பும் முன்னால் ஒரு வேர், பின்னால் ஒரு வேர் என்று இரண்டு வேர்களோடு கிளம்புகிறது. முன்வேரைத் தொட்டால் தசை துடித்தது. பின்வேரை அறுத்தாலும் துடிக்கவில்லை. ஆக, இரண்டும் ஒன்றல்ல என்று தெரிந்துவிட்டது.

ஆனால் பின்வேரின் வேலை உணர்ச்சி என்று அந்த நூலில் அவர் தெளிவாகச் சொல்லவில்லை. காரணம் இருந்தது. உயிரோடு, நினைவோடு இருக்கும் விலங்கை அறுப்பது பெல்லுக்குப் பிடிக்காது. அதனால் அடித்து நினைவிழக்கச் செய்த முயலைத்தான் பயன்படுத்தினார். நினைவில்லாத முயலால் வலிக்கிறது என்று காட்ட முடியாது இல்லையா? இரக்கம் நல்லதுதான். ஆனால் அந்தச் சோதனைமுறையில் பாதி பதில் கிடைக்கவே வழியில்லை. இந்த ஓட்டைதான் பிறகு அவருக்கு வினையானது.

தப்பான நரம்பை வெட்டிய காலம்

இப்போது முகத்துக்கு வருவோம். ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்று ஒரு நோய் உண்டு. முகத்தில் மின்னல் வெட்டுவது போல வலி. சாப்பிட முடியாது, ஷேவ் செய்ய முடியாது, காற்று பட்டாலே உயிர் போகும். அந்தக் காலத்தில் இதற்கு மருந்து இல்லை. வேறு வழி தெரியாத அறுவை சிகிச்சையாளர்கள் முகத்தில் கத்தி வைத்து நரம்பை வெட்டினார்கள்.

எந்த நரம்பை? இங்கேதான் பயங்கரம். சிலருக்கு வெட்டப்பட்டது ஏழாவது நரம்பு. வலியைக் கொண்டுபோவதோ ஐந்தாவது. விளைவு? வலி அப்படியே இருந்தது. கூடுதலாக முகத்தின் ஒரு பக்கம் நிரந்தரமாகத் தொங்கியது. மயக்க மருந்து இல்லாமல் இந்த அறுவை சிகிச்சையைத் தாங்கிய நோயாளிக்குக் கிடைத்த பலன் இதுதான்.

இரண்டு நரம்புகளின் வேலையைப் பிரித்துத் தெரிந்துகொள்வது, ஆகவே, வெறும் புத்தக ஆர்வம் அல்ல. ஒரு மனிதனின் முகம் அதில் இருக்கிறது.

பெல்லும் ஜான் ஷாவும் கழுதைகளில் சோதித்தார்கள். ஏழாவது நரம்பை ஒரு பக்கம் அறுத்ததும், அந்தப் பக்க மூக்குத்துளை மூச்சுக்கு ஏற்ப விரிவது நின்றது. மறுபக்கம் வழக்கம்போல விரிந்து சுருங்கியது. அறுக்கும்போது பெரிய வலியும் தெரியவில்லை. ஐந்தாவது நரம்பின் கிளையைத் தொட்டபோதோ கழுதை வலியில் துடித்தது. ஆனால் அறுத்த பிறகும் மூக்குத்துளை அசைந்தது.

1821-ல் இந்த முடிவுகளை லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரையாக வைத்தார் பெல். முகபாவனைக்கான நரம்பு ஏழாவது, முகத்தின் உணர்ச்சிக்கான நரம்பு ஐந்தாவது என்ற பெரிய பிரிவினை அங்கே வந்துவிட்டது.

பாதி சரி, பாதி தப்பு

ஆனால் ஒரு இடத்தில் சறுக்கினார். ஐந்தாவது நரம்பின் கிளை அறுபட்ட கழுதை, உதட்டால் தீனியைப் பொறுக்கி எடுக்கவில்லை. அப்படியென்றால் உதட்டைச் சாப்பாட்டுக்காக அசைப்பதும் ஐந்தாவதுதான் என்று பெல் முடிவுகட்டினார். ஏழாவது, மூச்சோடும் பேச்சோடும் உணர்ச்சி வெளிப்பாட்டோடும் சேர்ந்த அசைவுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டார். அதற்கு முகத்தின் சுவாச நரம்பு என்று பெயரும் வைத்தார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பல் டாக்டர் ஊசி போட்டு உதடு மரத்துப்போன நேரத்தில் டீ குடித்திருக்கிறீர்களா? உதட்டை அசைக்க முடியும். ஆனால் டம்ளர் எங்கே படுகிறது என்றே தெரியாது. கழுதைக்கும் அதேதான். உதடு செயலிழக்கவில்லை, தீனி உதட்டில் படுவது அதற்குத் தெரியவில்லை.

இதைச் சரியாகப் பிடித்தவர் பெல்லிடமே படித்த ஹெர்பர்ட் மேயோ. முகத்தை அசைப்பது முழுக்க ஏழாவது. ஐந்தாவதின் வேலை உணர்ச்சி, கூடவே தாடையை அசைத்து மெல்லும் தசைகள். மேயோ 1822-ல் தன் சோதனைகளை வெளியிட்டார். இன்று பாடப்புத்தகத்தில் இருப்பது கிட்டத்தட்ட மேயோ சொன்னதுதான். மாணவரின் பெயர் எந்த நோய்க்கும் ஒட்டவில்லை. ஆசிரியரின் பெயர் ஒட்டிக்கொண்டது.

பாரிஸிலிருந்து வந்த போட்டி

1821-ல் ஜான் ஷா பாரிஸுக்குப் போனார். மாமன் வீட்டுக் கண்டுபிடிப்பைப் பெருமையாக அங்கே செய்துகாட்டினார். பார்த்தவர்களில் ஒருவர் ஃபிரான்சுவா மஜாண்டி. சோதனைக்கூடத்தில் இரக்கம் பார்க்காதவர் என்று பெயரெடுத்தவர்.

1822-ல் மஜாண்டி நாய்க்குட்டிகளின் தண்டுவட நரம்பு வேர்களை ஒவ்வொன்றாக அறுத்தார். பெல்லின் முயல் போல அல்ல, குட்டிகள் நினைவோடு இருந்தன. பின்வேரை அறுத்தால் அந்தக் காலில் உணர்ச்சி போனது, அசைவு இருந்தது. முன்வேரை அறுத்தால் அசைவு போனது, உணர்ச்சி இருந்தது. முன்வேர் அசைவுக்கு, பின்வேர் உணர்ச்சிக்கு. சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் சொல்லிவிட்டார்.

லண்டனில் பூகம்பம். இது பெல் 1811-லேயே கண்டுபிடித்தது என்று பெல்லின் ஆட்கள் கிளம்பினார்கள். மஜாண்டியோ, அந்த 100 பிரதி நூலை நான் பார்த்ததே இல்லை என்று மறுத்தார். நூல் வந்ததும் படித்துப் பார்த்து, பெல் அருகில் வந்துவிட்டார், ஆனால் இந்த முடிவைச் சொல்லவில்லை என்று தன் தரப்பில் நின்றார்.

இந்த இடத்தில் பெல் செய்த காரியம் அவர் வாழ்க்கையில் ஒரு கறை. 1824-ல் தன் பழைய ராயல் சொசைட்டிக் கட்டுரைகளை மறுபடி புத்தகமாகப் போட்டார். போடும்போது சில வரிகளை மாற்றினார். புதிதாகத் தெரியவந்ததை, ஆரம்பத்திலிருந்தே தனக்குத் தெரிந்தது போல ஆக்கிவிட்டார். பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிற்கால வரலாற்றாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள்.

ஒரு போஸ்ட் போட்டுவிட்டு, பிறகு சத்தமில்லாமல் எடிட் செய்து, நான் அப்பவே சொன்னேனே என்று ஸ்கிரீன்ஷாட் காட்டுவது மாதிரி. 200 வருடம் முன்னால் எடிட் ஹிஸ்டரி பட்டன் இல்லை. ஆனால் நூலகம் இருந்தது.

இன்று அந்த விதிக்கு இரண்டு பேர் பெயரும் சேர்ந்தே இருக்கிறது: பெல்-மஜாண்டி விதி. யோசனையின் முதல் விதை பெல்லுடையது, நிரூபணம் மஜாண்டியுடையது என்று பிரித்துக்கொண்டால் இருவருக்கும் நியாயம்.

நோயாளிகள் முன்னால் அவர் தோற்கவில்லை

சண்டை ஒருபக்கம் இருக்கட்டும். மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நிபுணராக இருந்த பெல், முகம் செயலிழந்த நோயாளிகளைக் கவனமாகப் பார்த்துக் குறித்துவைத்தார். 1820-களில் அடுத்தடுத்து வந்த கட்டுரைகளில் அந்த நோயாளிகள் வருகிறார்கள். சிரிக்கும்போது முகம் நல்ல பக்கமாக இழுபடுவது, விசில் அடிக்க முடியாதது, சாப்பாடு கன்னத்தில் தேங்குவது, கண் மூடாதது. ஓவியரின் கண் இங்கே டாக்டரின் கையோடு சேர்ந்தது.

ஒரு விஷயத்தை அவர் கவனித்தார். நோயாளி கண்ணை மூட முயலும்போது இமை மூடாது, ஆனால் கண்விழி மேல்நோக்கி உருண்டு போய்விடும். வெள்ளை மட்டும் தெரியும். நாம் எல்லோரும் கண்ணை இறுக மூடும்போதும் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. இமை மூடிவிடுவதால் தெரிவதில்லை, அவ்வளவுதான். இதற்கு இன்றும் பெல் நிகழ்வு என்றே பெயர். நெஞ்சுக்கூட்டின் பக்கவாட்டில் இறங்கும் ஒரு நீளமான நரம்புக்கும் பெல்லின் நரம்பு என்று பெயர் உண்டு.

முகவாதத்தை உலகில் முதலில் விவரித்தவர் பெல் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுமார் ஆயிரம் வருடம் முன்பே பாரசீக மருத்துவர் அல்-ராஸி இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பெல்லுக்கு முன், 1798-ல், ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக் மூன்று நோயாளிகளை விவரித்தார். ஆனால் இது ஏழாவது நரம்பின் கோளாறு என்று சோதனையோடு கட்டிக்காட்டியது பெல்லின் அணி. பெயர் நின்றதற்குக் காரணம் அது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பெல் பார்த்த நோயாளிகளில் பலருக்கு அடி, கட்டி, சீழ் என்று கண்ணுக்குத் தெரிந்த காரணம் இருந்தது. இன்று நாம் பெல்ஸ் பால்ஸி என்று சொல்வது, தேடிப் பார்த்தும் அப்படி எந்தக் காரணமும் கிடைக்காதபோதுதான்.

கடைசிப் பயணம்

1829-ல் ராயல் சொசைட்டியின் பதக்கம். 1831-ல் சர் பட்டம். 1833-ல் மனிதக் கையின் அமைப்பைப் பற்றி ஒரு புத்தகம், அதுவும் பலரால் படிக்கப்பட்டது. 1835-ல் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரிக்கு ஒரு மருத்துவப் பள்ளி உருவானதில் அவர் பங்கு பெரியது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் வந்துவிட்டது.

ஆனாலும் லண்டன் அவருக்கு ஒட்டவில்லை. ஜான் ஷா 1827-லேயே இறந்துபோயிருந்தார். 1836-ல், 61 வயதில், எடின்பரோ பல்கலைக்கழகம் அறுவை சிகிச்சைப் பேராசிரியர் பதவிக்கு அழைத்ததும் ஊர் திரும்பினார். இளைஞனாக இருந்தபோது ஆஸ்பத்திரிக் கதவை அடைத்த அதே ஊர்.

நெஞ்சுவலி அவரைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தது. 1842 ஏப்ரலில் எடின்பரோவிலிருந்து லண்டனுக்கு மனைவியோடு போகும் வழியில், இங்கிலாந்தின் வூஸ்டர் நகருக்குப் பக்கத்தில் ஹாலோ என்ற கிராமத்தில் நண்பர் வீட்டில் தங்கினார். ஏப்ரல் 28 அன்று அங்கேயே இறந்தார். வயது 67. அந்த ஊர் தேவாலயத்தில்தான் அவரை அடக்கம் செய்தார்கள்.

சரி, நமக்கு இதில் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஏழாவது நரம்பு காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்புக்குள் ஒரு குறுகலான குழாய் வழியாக வெளியே வருகிறது. நரம்பு வீங்கினால் அந்தக் குழாய்க்குள் இடமில்லை. நசுங்குகிறது. முகம் செயலிழக்கிறது. தூங்கிக்கிடக்கும் ஹெர்பிஸ் வகை வைரஸ் மறுபடி விழித்துக்கொள்வது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள். 2022-ல் பாடகர் ஜஸ்டின் பீபர் பாதி முகம் அசையாமல் வீடியோ போட்டது நினைவிருக்கலாம். அது ராம்ஸே ஹன்ட் சிண்ட்ரோம். அதே ஏழாவது நரம்புதான், காரணம் அம்மை வைரஸ்.

இந்த நரம்புக்கு முகபாவனை தவிர வேறு வேலைகளும் உண்டு. நாக்கின் முன்பகுதிச் சுவை, கண்ணீர், எச்சில், காதில் விழும் பெரிய சத்தத்தை மட்டுப்படுத்தும் குட்டித் தசை எல்லாம் இதன் கணக்கில்தான். அதனால்தான் சிலருக்கு முகம் கோணுவதோடு சுவையும் குறைகிறது, மிக்ஸி சத்தம் தாங்க முடியாததாகிறது.

பக்கவாதத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நெற்றியைப் பார்ப்பார்கள். நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது. அதனால் மூளையின் ஒரு பக்கம் அடிபட்டாலும் நெற்றியைச் சுருக்க முடியும், முகத்தின் கீழ்ப்பாதி மட்டும் தொங்கும். நரம்பே பழுதான பெல்ஸ் பால்ஸியில் நெற்றியும் சேர்ந்து அசையாது.

ஆனால் இதை வைத்து வீட்டிலேயே கண்ணாடி முன்னால் முடிவு செய்ய வேண்டாம். முகம் கோணினால் உடனே ஆஸ்பத்திரி. கை, கால் தளர்ச்சியோ பேச்சுக் குழறலோ சேர்ந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. பெல்ஸ் பால்ஸி என்றே உறுதியானாலும் நேரம் முக்கியம். ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் நன்றாக இருக்கும். மூடாத கண் உலர்ந்து கருவிழி புண்ணாகாமல் இருக்க, சொட்டுமருந்து போட்டு, இரவில் மூடிப் பாதுகாக்க வேண்டும். பெரும்பாலானோருக்கு சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் முகம் திரும்பிவிடுகிறது. சிலருக்குக் கொஞ்சம் கோணல் மிச்சமிருக்கும்.

வலிக்காக முகத்தில் கத்தி வைத்து, தப்பான நரம்பை வெட்டி அனுப்பிய காலத்திலிருந்து, நெற்றியைச் சுருக்குங்கள் என்று ஒரே வரியில் கேட்டுப் பிரித்தறியும் காலத்துக்கு வந்திருக்கிறோம். அந்த வழியில் பெல் இருக்கிறார், அவரைத் திருத்திய மாணவர் மேயோ இருக்கிறார், அவரோடு மல்லுக்கட்டிய மஜாண்டி இருக்கிறார். மருத்துவச் சீட்டில் ஒருவர் பெயர்தான் எழுத இடம் இருக்கிறது.